குளிர்காலக் கோழியும் அம்மாவின் சட்டியும்

மார்கழி, தை மாதங்களில் நுவரெலியாவிற் குடியிருப்போருக்கு இரவுச் சாப்பாடு பசி தீர்க்கும் காரியம் மாத்திரமன்று. உடம்பைச் சூடாக்கும் காரியமுமாகும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள இவ்வூரிலே சில விடியற்காலைகளிற் புற்றரை மீது பனி உறைந்து வெண்மையாய்க் கிடப்பதை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாம் முதலாண்டில் அதிசயத்தோடு பார்த்தோம். இரண்டாமாண்டிற் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டோம்.

1848 ஆம் ஆண்டு இங்கு குடியேறிய சாமுவேல் பேக்கர் தம் நாட்டு மாடுகளையும் மரக்கறி வகைகளையும் கொண்டுவந்து பயிரும் பண்ணையும் செய்தவர். முழுக் கோழியின் வயிற்றிற் பாணும் வெங்காயமும் அடைத்து அவணில் வாட்டும் வழக்கமும் ஆங்கிலேயர் வழி வந்ததே. குளிருக்கு ஏற்ற உணவு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதனை எமது வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நாம் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும்.

ஒரு சனிக்கிழமை இரவு, பாணுக்குப் பதிலாக அரை வேக்காட்டுச் சோற்றை அடைத்துக் கோழியை அவணில் வைத்தோம். ஒன்றரை மணி நேரத்தில் தோல் பொன்னிறமாயிற்று. வெட்டினால், எலும்போரத்து இறைச்சி பச்சை. சோறு விறைத்த அரிசி. வயிற்றை இறுக்கி அடைத்தால் வெப்பம் நடுவிடத்தைக் கடைசியாகவே அடையும் என்பதையும், இவ்வுயரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதிப்பதால் அரிசி வேகத் தாமதிக்கும் என்பதையும் வகுப்பிலே சொல்லிக்கொடுக்கும் நாமே மறந்துவிட்டோம்!

அதனினும் பெரிய பிழை வேறொன்று. தந்தையார் காலமான நாள் முதல் அம்மா மச்சம் தொடுவதில்லை. கோழி ஆரவாரத்தில் அவருக்கென எதுவும் சமைக்கப்படவில்லை. மணி ஒன்பதரை. "பிள்ளையளுக்குப் பசிக்கும் தம்பி, அதைப் பார். எனக்குப் பாணும் வாழைப்பழமும் போதும்" என்றார். குறை சொல்லியிருந்தால் எமக்கு இலேசாயிருந்திருக்கும்.

ஆகவே முறையை மாற்றினோம். இப்பொழுது உள்ளீடு கோழியினுள் செல்வதில்லை. அம்மாவின் மரக்கறிச் சட்டியில் முதலிலே தயாராகிறது. முதல்நாட் பாண் கால் கிலோவைச் சிறு துண்டுகளாக்கி வறுத்தெடுக்கவேண்டும். நெய்யிற் கறுவா, கறிவேப்பிலை, வெங்காயம், இரண்டு லீக்ஸ், ஒரு கரட், ஒரு பிடி கஜு ஆகியவற்றை வதக்கி, உப்பும் மிளகுத்தூளும் இட்டு, ஒரு கோப்பை தேங்காய்ப்பாலில் ஒரு கொதி வந்ததும் பாணைக் கிளறி மூடிவிட்டாற் போதும். கறிவேப்பிலை இருக்க, ஆங்கிலேயர் இடும் மூலிகைகளை நாம் தேடுவதில்லை.

ஒன்றரைக் கிலோக் கோழிக்கு மஞ்சள், மிளகு, உள்ளி, தேசிக்காய்ப்புளி, உப்புப் பூசிக் குளிர்ப்பெட்டியில் ஓரிரவு வைத்து, அடிகனமான வேறு சட்டியில் உருளைக்கிழங்கின் மேல் கிடத்தி, அரைக் கோப்பை நீர் விட்டு இறுக மூடிச் சிறு தீயில் வேகவிடுகிறோம். ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரை செல்லும். வடியும் நீர் தெளிந்தாற் போதும் என்பர். அதனை மட்டும் நம்புதல் தகாது. தொடையின் தடித்த பகுதியில் வெப்பமானி 74 பாகை காட்டவேண்டும். அவண் இல்லாத வீட்டாருக்கும் இம்முறை உதவும்.

வெள்ளிக்கிழமைகளிலும் திருவெம்பாவை நாட்களிலும் எமது வீட்டில் மச்சச் சட்டி இறங்குவதில்லை. அந்நாட்களில் உள்ளீடு மாத்திரம் சமைக்கப்படுகின்றது, எவரும் முறையிட்டதில்லை.

புதிய முறையில் ஆக்கிய முதல் இரவு அம்மா முதலிற் சாப்பிட்டார். மறுநாட் காலை, எஞ்சியதை அவரே நெய்யில் வாட்டிப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். மிகுந்திருந்த கோழித் துண்டுகளை எவரும் கேட்கவில்லை.