வேகம் எடுத்தால் சூடேறும் ஜீப்

கேள்வி: எங்களிடம் பழைய எம்.எம்.540 ஜீப் இருக்கிறது. காய்கறி மூட்டை ஏற்றவும், மழையில் வயலுக்குள் போய் வரவும் இன்றும் அதுதான். போன மாதம் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் கிழிந்தது. மீட்டர் கணக்கில் விற்கும் ரப்பர் ஹோஸை வாங்கி வெட்டிப் போட்டேன். இப்போது வண்டி நின்றபடி ஓடினால் சூடு ஏறுவதில்லை. ரோட்டில் வேகம் பிடித்தால் முள் சிவப்புக்குப் போகிறது. ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?
— வாசகர், பாகூர் கொம்யூன்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நான் பயிருக்கு வைத்தியம் சொல்பவன், மெக்கானிக் அல்ல. ஆனால் இதே மாதிரி ஜீப்பில்தான் பல வருடம் கிராமம் கிராமமாகச் சுற்றினேன். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

மேல் ஹோஸ் இன்ஜினிலிருந்து சுடுதண்ணீரை ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. கீழ் ஹோஸ் வழியாகத் தண்ணீர் பம்ப் ஆறிய நீரை உறிஞ்சுகிறது. இன்ஜின் வேகம் கூடினால் உறிஞ்சலும் கூடும். ஹோஸ் மெத்தென்று இருந்தால், இளநீர் உறிஞ்சும் குழல் ஒட்டிக்கொள்வதுபோல ஒட்டிவிடும். அதைத் தடுக்கத்தான் பல வண்டிகளில் கீழ் ஹோஸுக்குள் கம்பிச் சுருள் இருக்கும். பழைய ஹோஸைக் கிழித்துப் பாருங்கள். சுருள் அதற்குள்ளேயே இருக்கலாம், அல்லது துருப்பிடித்து உதிர்ந்திருக்கலாம். நேரான ஹோஸை வளைத்து மாட்டியதால் வளைவில் மடிந்தும் இருக்கலாம்.

சோதிப்பது சுலபம். நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஒருவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கட்டும். நீங்கள் தள்ளி நின்று கீழ் ஹோஸைப் பாருங்கள். தோளில் இருக்கும் துண்டை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள், பேன் இழுத்துக்கொள்ளும். ஹோஸ் சப்பையானால் கோளாறு அதுதான். ஹெட்டுக்குச் செலவழிக்கும் முன் ஒரு ஹோஸுக்குச் செலவழியுங்கள்.

மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கவும் வாய்ப்புண்டு. ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலோ, ரேடியேட்டரில் ஓயாமல் குமிழி வந்தாலோ, ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். இந்த வண்டியில் வந்த பியூஜோ வகை டீசல் இன்ஜினுக்கு ஹெட் அலுமினியம், கீழே உள்ள பிளாக் இரும்பு. சூடு அதிகமானால் ஹெட் வளைந்துவிடும். அதனால் சரிசெய்யும் வரை ரோட்டில் ஓட்ட வேண்டாம்.

புது ஹோஸ் வாங்கும்போது பழையதையும் கடைக்கு எடுத்துப் போங்கள். அந்த வண்டிக்கென்று வளைவோடு வார்த்த ஹோஸாகக் கேளுங்கள். ஒன்று வயதாகிக் கிழிந்தால் மற்றதற்கும் அதே வயதுதான், மேல் ஹோஸையும் சேர்த்தே மாற்றுங்கள். வெளியே பளபளப்பாக இருப்பதை நம்பக் கூடாது. ரப்பர் பெரும்பாலும் உள்ளிருந்து, கிளிப்புக்குப் பக்கத்தில் வெடிக்கிறது. இன்ஜின் ஆறியபின் நடுவிலும் இரு முனைகளிலும் விரலால் அமுக்குங்கள். முனை மட்டும் கொழகொழவென்றோ நொறுங்குவதுபோலவோ இருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

மாற்றும்போது பழைய ஹோஸை முறுக்கி இழுக்காதீர்கள். ரேடியேட்டர் கழுத்து பற்றவைத்த பித்தளை, பிய்ந்து வந்துவிடும். கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். கழுத்தை உப்புத்தாளால் தேய்த்து, சோப்புத் தண்ணீர் தொட்டுப் புதியதை ஏற்றுங்கள். கிரீஸ், டீசல் கூடாது, ரப்பர் ஊதிப்போகும். கிளிப் கழுத்தின் மேட்டைத் தாண்டி உட்புறம் உட்கார வேண்டும். ஒருநாள் ஓட்டி, ஆறியபின் மீண்டும் ஒரு திருகு.

எதை ஊற்றுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. போர்த் தண்ணீர் என்றால் அதை நிறுத்துங்கள். கடலோரப் பக்கம் அதில் உப்பு, மற்ற இடங்களில் சுண்ணாம்பு. வெந்நீர்ப் பாத்திரத்தில் படியும் அதே வெள்ளைதான் ரேடியேட்டர் குழாய்களையும் அடைக்கிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கலந்தே விற்பதானால் அதில் தண்ணீர் சேர்க்க வேண்டாம். வடித்த பழைய கூலண்டை வாய்க்காலிலோ களத்திலோ கொட்டாதீர்கள். அதில் உள்ள கிளைக்கால் இனிக்கும். நாய், ஆடு, கன்றுக்குட்டி நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் சாகும். குழந்தைகளுக்கும் அப்படியே. மூடி போட்ட கேனில் ஊற்றி ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

கேள்வி: ஆள் இல்லாத இடத்தில் ஹோஸ் கிழிந்தால் என்ன செய்வது?
— வாசகர், வில்லியனூர்

பதில்: இன்ஜினை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள். 7 பவுண்டு மூடி போட்ட ரேடியேட்டரில் தண்ணீர் சுமார் 111 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். அவசரப்பட்டு முன்கையில் கொப்புளம் வாங்கியவன் நான். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, இங்க் எதுவும் வேண்டாம்.

ஆறியபின் கிழிசலைத் துடைத்து, சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி இழுத்துச் சுற்றிக் கட்டுங்கள். தண்ணீர் ஊற்றி, மூடியை முதல் பல்லில் மட்டும் நிறுத்துங்கள். உள்ளே அழுத்தம் ஏறாது. முள்ளைப் பார்த்தபடி மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை போகலாம். மூட்டைகள் இருந்தால் அங்கேயே இறக்கிவிட்டுப் போங்கள்.