தி.நகரில் நடக்க வழி விட்டால்தான் கல்லா நிறையும்!

பழைய கடைத்தெருவுக்கு எதற்கு கோடி கோடியா கொட்டணும்? அந்த பணத்துல புறநகரில் புது ரோடு போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சென்னை தி.நகருக்கு ஒரு நடை போய் வந்தால் பதில் கிடைக்கும்.

பாண்டி பஜாரில் சுமார் 40 கோடி ரூபாய் செலவில் அகலமான நடைபாதை 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. கார் நிறுத்த இடம் போச்சு, வியாபாரம் படுத்துடும் என்று பயந்த வியாபாரிகளும் உண்டு. ஆனால் துணிக்கடைக்கு காரில் வருகிறவர்கள் எத்தனை பேர்? மின்சார ரெயிலிலும் மாநகர பஸ்சிலும் வந்து இறங்கும் கூட்டம்தானே இந்த ஊரின் கல்லாவை நிரப்புகிறது!

அந்த கூட்டத்துக்காகவே 2023 மே மாதம் மாம்பலம் ரெயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதை வந்தது. செலவு 28.45 கோடி. தீபாவளி நேரத்தில் ரங்கநாதன் தெருவில் நசுங்காமல், கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக பஸ் பிடிக்க முடிகிறது.

இந்த கூட்டம் குளுகுளு மால்களுக்கு ஓடிவிட்டால் பெரிய கடைக்காரர் அங்கேயும் ஒரு கிளை திறந்து விடுவார். ஹேர்கிளிப், கர்ச்சீப் விற்பவர் எங்கே போவார்? கடைகள் பூட்டினால் மாநகராட்சியின் வரி வருமானமும் அடிபடும். குடிநீர் குழாய், கரண்ட், ரெயில் எல்லாமே இருக்கிற இடத்தை வாட விட்டு, வெட்டவெளியில் முதலில் இருந்து போடுவது இரட்டை செலவு.

கட்டினதோடு வேலை முடியவில்லை. பளபள நடைபாதை மேலேயே பைக்கை ஏற்றி நிறுத்துகிறார்கள். அதை தடுக்க தினமும் ஆள் வேண்டும், அதற்கும் பட்ஜெட் வேண்டும். நடைபாதை வியாபாரிகளை விரட்டுவதும் வழியல்ல. கணக்கெடுத்து சான்று கொடுத்து இடம் ஒதுக்கச் சொல்கிறது 2014-ம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம். பனகல் பார்க்கில் மெட்ரோ நிலையமும் அமைகிறது. இறங்கும் கூட்டம் இன்னும் கூடும். அதற்குள் கோடு போட்டு இடம் பிரித்துக் கொடுப்பார்களா அதிகாரிகள்?