சூரபத்மனும் பார்த்தானே!

"கடவுள் நேரில் வந்து நின்றால் மனிதனின் சுதந்திரம் போய்விடும். அதனால்தான் மறைந்திருக்கிறார்." தைப்பூசம் நெருங்கினால் ஜொகூர் பாரு மேடைகளில் இந்த வாதம் காதில் விழும். கேட்க அழகுதான். ஆனால் காவடி எடுப்பவர் இதைச் சொல்லலாமா?

கந்தபுராணத்தைப் புரட்டுங்கள். போர்க்களத்தில் சூரபத்மனுக்கு முருகன் விசுவரூபம் காட்டுகிறான். சூரன் உருகுகிறான், வணங்கத் துடிக்கிறான். அந்த உருவம் மறைந்ததும் ஆணவம் திரும்புகிறது. மறுபடி போருக்கு எழுகிறான். இதைவிடத் தெளிவான தரிசனம் வேண்டுமா? அவன் சுதந்திரத்தை யார் பறித்தார்கள்? கயிலையின் அடியில் நசுங்கிய இராவணனும் சிவனைக் கண்டவன்தான். சீதையைத் தூக்கிப் போனது அதற்குப் பிறகு.

1993இல் கனடாத் தத்துவவாதி ஷெல்லன்பெர்க் தம் நூலில் எழுப்பிய கேள்வி இன்னும் கூர்மையானது: மனதாரத் தேடியும் நம்ப முடியாமல் நிற்பவரை, அன்பே உருவான கடவுள் ஏன் அப்படியே விட்டுவைக்கிறார்? சுதந்திர வாதம் இதைத் தொடவே இல்லை. தேடுகிறவர்தான் ஏற்கெனவே தேர்ந்துவிட்டாரே!

சைவ சித்தாந்தத்திடம் வேறு பதில் உண்டு. மறைத்தல் இறைவனின் ஐந்தொழில்களில் ஒன்று; ஆணவ மலம் என்னும் உயிரின் அழுக்கு பக்குவப்படும்வரை அந்த மறைப்பும் அருளே என்கிறது அது. எனக்கு அதிலும் ஐயம் உண்டு, பல பிறவிக் கணக்கை ஏற்றால்தான் அது நிற்கும். ஆனாலும் அது கேள்வியை விட்டு ஓடவில்லை. மேடையில் பேசுவோரே, அந்தச் சுதந்திர வாதத்தை விட்டுவிட்டு இந்தச் சித்தாந்தப் பதிலைப் பேசுங்கள். வாதிட நான் தயார்.