தேடி அலைவதற்கல்ல உணவு உரிமை

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் புறநகர் மின்சார ரயில் பாதையின் கடைசி நிலையம் சூளூர்பேட்டை. கிழக்கே பழவேற்காடு ஏரியைக் கடந்தால் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம். தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டித் தடா, மாம்பட்டுக் காலணி ஆலை, பன்னாட்டு நிறுவனங்கள் நிறைந்த ஸ்ரீசிட்டி. விண்ணில் பாயும் ராக்கெட்டுகளையும் உலகச் சந்தைக்குச் செல்லும் சரக்குகளையும் ஒருசேரக் காணும் வட்டாரம் இது. அதே மண்ணில்தான் ஏவுதளத்திற்காகத் தீவிலிருந்து இடம்பெயர்க்கப்பட்ட யானாதி பழங்குடி மக்களும், ஏரியை நம்பி வாழும் மீனவர்களும், தமிழ்நாட்டிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வேலை தேடி வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களும் நாள்தோறும் அரிசிக் கணக்குப் போட்டு வாழ்கிறார்கள்.

ஆந்திரப் பிரதேசத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 31.2 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்கிறது 2019–21ஆம் ஆண்டின் ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு. எடை குறைந்த குழந்தைகள் 29.6 சதவீதம். 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 58.8 சதவீதத்தினர் ரத்தசோகையால் பாதிக்கப்பட்டவர்கள். கிருஷ்ணா, கோதாவரி, பெண்ணாற்றுப் பாசனத்தால் நாட்டுக்கே அரிசி தரும் மாநிலத்தின் கணக்கு இது. எனவே பற்றாக்குறை விளைச்சலில் இல்லை. விளைந்தது யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதில்தான் இருக்கிறது.

திட்டங்களுக்கும் பஞ்சமில்லை. ரேஷன் அரிசி, அங்கன்வாடி, பள்ளி மதிய உணவு, மகப்பேறு உதவித்தொகை, நகரங்களில் ஐந்து ரூபாய் அண்ணா கேண்டீன் என்று பட்டியல் நீளுகிறது. ஆயினும் இவற்றை ஏழைக் குடும்பம் ஒன்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. எந்த அலுவலகம், எந்தப் படிவம், எந்த நாள், யாருடைய கைரேகை என்று அலைய வேண்டியிருக்கிறது. சட்டப்படி வீட்டு வாசலுக்கு வர வேண்டிய உரிமை ஏன் தேடுபொருளாக மாறியது என்பதே இங்கு எழும் அரசியல் கேள்வி.

சட்டம் தந்தது என்ன?

இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் தானியம் மலையாகக் குவிந்திருந்தபோது மக்கள் பட்டினியில் வாடினர். இதை எதிர்த்து 2001 ஏப்ரலில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்சநீதிமன்றத்தை நாடியது. அவ்வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று பிறப்பிக்கப்பட்ட இடைக்கால உத்தரவு, அரசின் உணவுத் திட்டங்களைச் சட்டப்பூர்வ உரிமைகளாக மாற்றியது. பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். நீதிமன்றத்திலும் வீதியிலும் தொடர்ந்த போராட்டங்களின் விளைவே 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம்.

அச்சட்டப்படி முன்னுரிமைக் குடும்பத்தின் ஒவ்வொரு உறுப்பினருக்கும் மாதம் ஐந்து கிலோ தானியம். அந்தியோதயா குடும்பத்திற்கு 35 கிலோ. 2023 ஜனவரி முதல் இது விலையின்றி வழங்கப்படுகிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் அங்கன்வாடி வழியாக ஊட்டச்சத்து உணவு தரப்பட வேண்டும். எட்டாம் வகுப்பு வரை அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் மதிய உணவு உண்டு. மகப்பேறு காலத்தில் ஆறாயிரம் ரூபாய்க்குக் குறையாத உதவி உண்டு. தானியமோ உணவோ வழங்கப்படாவிட்டால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும் என்கிறது சட்டத்தின் 8ஆவது பிரிவு. மாவட்டத்தில் குறைதீர்ப்பு அலுவலர், மாநிலத்தில் உணவு ஆணையம், கடை அளவில் கண்காணிப்புக் குழு, சமூகத் தணிக்கை ஆகியவையும் சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளன.

எழுதப்பட்டதை ஒன்றிய அரசே வெட்டிக் குறைக்கிறது. ஆறாயிரம் என்று சட்டம் சொல்லும் மகப்பேறு உதவி முதல் குழந்தைக்கு ஐந்தாயிரமாகச் சுருங்கியது. இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் மட்டுமே மீண்டும் உதவி. ஊரகத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் மக்களுக்குத் தானியம் என்ற அளவு இன்றும் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படியே நிர்ணயிக்கப்படுகிறது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. இதனால் பத்து கோடிக்கு மேற்பட்டோர் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நிற்பதாகப் பொருளியல் அறிஞர்கள் ஜான் திரேஸும் ரீத்திகா கேராவும் 2020லேயே மதிப்பிட்டனர். கணக்கெடுக்காமல் விடுவதும் பட்டினி போடும் வழிகளில் ஒன்று.

எல்லையில் அறுந்துபோகும் அட்டை

சூளூர்பேட்டை போன்ற எல்லை நகரத்தில் இச்சிக்கல் இன்னும் கூர்மையடைகிறது. 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டம் 2019 ஆகஸ்டில் ஆந்திரம்–தெலங்கானா, குஜராத்–மகாராஷ்டிரம் என்ற இரு ஜோடி மாநிலங்களில் தொடங்கியது. 2020 அக்டோபரில் தமிழ்நாடு இணைந்தது. இன்று எந்த மாநிலத்து அட்டையைக் கொண்டும் எங்கும் அரிசி வாங்கலாம் என்று விளம்பரம் செய்யப்படுகிறது.

விளம்பரம் சொல்லாத உண்மை ஒன்று உண்டு. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டைகளுக்கே இந்த வசதி பொருந்தும். தமிழ்நாட்டில் பொது விநியோக முறை அனைவருக்குமானது. முன்னுரிமைப் பட்டியலில் இல்லாத குடும்பத்திற்கும் மாநில அரசு தன் சொந்த நிதியில் அரிசி தருகிறது. அந்த அட்டையோடு திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து ஸ்ரீசிட்டிக்கு வேலைக்கு வந்து குடியேறும் தொழிலாளிக்கு எல்லையைத் தாண்டியதும் அட்டை வெறும் அட்டைதான். முன்னுரிமை அட்டை வைத்திருப்பவருக்கும் ஒன்றிய அரசின் ஐந்து கிலோ மட்டுமே கிடைக்கும். தமிழ்நாட்டில் முப்பது ரூபாய்க்குக் கிடைத்த துவரம்பருப்பும் இருபத்தைந்து ரூபாய்க்குக் கிடைத்த பாமாயிலும் எல்லைக்கு அப்பாலேயே நின்றுவிடும்.

அட்டையே இல்லாதோர் நிலை இன்னும் கொடுமையானது. நாடு முழுவதும் இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்த முறைசாராத் தொழிலாளர்களில் சுமார் எட்டு கோடிப் பேருக்கு ரேஷன் அட்டை இல்லை என்பது உச்சநீதிமன்றத்தில் வெளிப்பட்டது. அவர்களுக்கு அட்டை வழங்குமாறு 2023 ஏப்ரலில் மூன்று மாதக் கெடு விதித்தது நீதிமன்றம்; 2024 மார்ச்சில் மேலும் இரண்டு மாதக் கெடு விதித்தது. கெடுக்கள் கடந்தன. மூலதனத்திற்கு மாநில எல்லை கிடையாது. உழைப்பாளியின் சோற்றுக்கு மட்டும் எல்லை உண்டு.

கைரேகையும் முகமும்

வெயிலிலும் சேற்றிலும் உப்புநீரிலும் உழைத்துத் தேய்ந்த விரல்களை இயந்திரம் அடையாளம் காண்பதில்லை. ஆதார் இல்லை என்றோ கைரேகை பதியவில்லை என்றோ எவருக்கும் தானியம் மறுக்கக் கூடாது என்று ஒன்றிய உணவு அமைச்சகமே 2017 அக்டோபர் 24 அன்று சுற்றறிக்கை அனுப்பியது. அந்தச் சுற்றறிக்கையைக் கடைக்காரரும் அறியார், அட்டைதாரரும் அறியார். இப்போது அங்கன்வாடியில் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவுக்கும் தாயின் முகத்தைக் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்ய வேண்டும் என்பது 2025 ஜூலை முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சிக்னல் இல்லாத குடியிருப்பில் முகம் பதியாவிட்டால் குழந்தையின் சத்துமாவு நின்றுவிடும் நிலை.

இத்தனைக்கும் நடுவே அந்த மையங்களை நடத்துவோர் யார்? ஆந்திரத்தின் 55 ஆயிரத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடிகளின் பணியாளர்களும் உதவியாளர்களும் 2023 டிசம்பர் 12 முதல் 42 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதிய உயர்வும் பணிக்கொடையும் கேட்ட பெண்கள் மீது அன்றைய மாநில அரசு 2024 ஜனவரியில் எஸ்மா சட்டத்தை ஏவியது. அவர்கள் அஞ்சவில்லை. பள்ளிகளில் சமைக்கும் பெண்களுக்கு ஒன்றிய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் 2009 முதல் மாதம் ஆயிரம் ரூபாயிலேயே நிற்கிறது. ஊட்டச்சத்து கோரும் தாயும், அதைச் சமைத்துத் தரும் தாயும் எதிரெதிரே நிற்பவர்கள் அல்லர். இருவருக்கும் எதிரி ஒன்றே.

அன்னதானமும் உரிமையும்

சூளூர்பேட்டை 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. இன்று திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டத் தலைநகரின் மலைமீது 1985 முதல் நித்திய அன்னதானம் நடைபெறுகிறது. பசித்தவர்க்குச் சோறிடும் எந்தச் செயலும் இகழத்தக்கதன்று. எனினும் தானம் கொடுப்பவரின் மனத்தைச் சார்ந்தது; உரிமை கேட்பவரின் குரலைச் சார்ந்தது.

அண்ணா கேண்டீன்களின் கதை இதைத் தெளிவாக்கும். 2018 ஜூலையில் திறக்கப்பட்டன. 2019இல் ஆட்சி மாறியதும் மூடப்பட்டன. மீண்டும் ஆட்சி மாறி 2024 ஆகஸ்ட் 15 முதல் திறக்கப்பட்டன. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் சுமைதூக்கும் தொழிலாளியின் பசி விடுமுறை எடுக்கவில்லை. ரேஷன் பொருளை வாகனத்தில் வீதிக்குக் கொண்டுவந்த முறையும் அவ்வாறே: 2021இல் ஓர் அரசு தொடங்கியது, 2025 ஜூனில் அடுத்த அரசு நிறுத்திக் கடைகளுக்குத் திரும்பியது. திட்டத்தின் பெயரும் படமும் மாறும்போதெல்லாம் மக்கள் புதிதாகத் தேடத் தொடங்க வேண்டியிருக்கிறது. சட்டத்தில் வேரூன்றாத சலுகை, ஆட்சியாளரின் விருப்பத்தில் தொங்குகிறது. இதற்கு மாறாக, பெருந்தொற்றுக் காலத்தில் கேரள இடது முன்னணி அரசு வருமான வேறுபாடு பாராமல் அனைத்து அட்டைதாரர்களுக்கும் மளிகைத் தொகுப்பு வழங்கியது. அனைவருக்கும் என்று வைத்தால் எவரும் தேட வேண்டியதில்லை என்பதே அதன் பாடம்.

கிளைகள் செய்ய வேண்டியது

மனு எழுதிக் கொடுப்பது சீர்திருத்த வேலை, அது புரட்சிகரக் கட்சியின் பணியாகுமா என்ற தயக்கம் சில தோழர்களிடம் உண்டு. தயக்கத்தில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. தனித்தனியாகக் காரியம் முடித்துத் தரும் கிளை, நாளடைவில் கூலி வாங்காத இடைத்தரகராகச் சுருங்கிவிடும். ஆனால் தெருவின் பசியை அறியாத கிளை அந்தத் தெருவில் வேர்விடவும் முடியாது. இதே நெல்லூர் மண்ணில் பிறந்த தோழர் பி.சுந்தரய்யா 1930களில் விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டியபோது, அவர்களின் கூலியும் கஞ்சியுமே அமைப்பின் தொடக்கப் புள்ளிகளாக இருந்தன. மனுவைத் தனியாக எழுதலாம். கூட்டாகக் கொடுக்க வேண்டும். வேறுபாடு அங்கேதான் பிறக்கிறது.

முதலில் கணக்கெடுப்பு. ஒவ்வொரு கிளையும் தன் தெருவில் அட்டை இல்லாத குடும்பம், பெயர் விடுபட்ட குழந்தை, கைரேகை பதியாத முதியவர், வேற்று மாநில அட்டையோடு வாழும் தொழிலாளி ஆகியோரைப் பட்டியலிட வேண்டும். ஆந்திர அரிசி அட்டைக்கு ஊரகத்தில் மாத வருமானம் பத்தாயிரம் ரூபாய், நகரத்தில் பன்னிரண்டாயிரம் ரூபாய் என்ற வரம்பு உண்டு. விண்ணப்பம் கிராம, வார்டு சச்சிவாலயங்களில் தரப்பட வேண்டும். தெலுங்கு எழுதப் படிக்கத் தெரியாத தமிழ்க் குடும்பங்களுக்கு இரு மொழியும் அறிந்த தோழர் ஒருவர் உடன் செல்ல வேண்டும்.

இரண்டாவதாக, அங்கன்வாடிக்கு ரேஷன் அட்டையோ வருமான வரம்போ தேவையில்லை என்பதைப் புலம்பெயர் தொழிலாளர் குடியிருப்புகளிலும் யானாதி காலனிகளிலும் பரப்ப வேண்டும். கர்ப்பம் தரித்த நாள் முதலே பதிவு செய்யலாம் என்பதைத் தாய்மார்கள் அறிய வேண்டும்.

மூன்றாவதாக, மறுப்பைப் பதிவாக்க வேண்டும். கடையில் இல்லை என்று சொன்னால் 1967 என்ற எண்ணில் புகார். பிறகு மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் மனு. பிறகு மாநில உணவு ஆணையத்திற்கு மேல்முறையீடு. திங்கட்கிழமை நடைபெறும் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளுக்கு ஒருவர் போனால் ரசீது கிடைக்கும். ஐம்பது பேர் போனால் பதில் கிடைக்கும். கடையின் இருப்புப் பதிவேடு மக்கள் பார்வைக்குரிய ஆவணம் என்பதையும், கண்காணிப்புக் குழுவில் தலித், பழங்குடிப் பெண்கள் இடம்பெற வேண்டும் என்பதையும் வலியுறுத்த வேண்டும்.

இப்பணியிலிருந்தே பெரிய கோரிக்கைகள் எழும். 1997இல் புகுத்தப்பட்ட, ஏழைகளைத் தரம் பிரிக்கும் இலக்கு முறையைக் கைவிட்டு, பொது விநியோக முறையை நாடெங்கும் அனைவருக்குமாக்க வேண்டும். அரிசியோடு பருப்பும் எண்ணெயும் சேர வேண்டும். ஆந்திர, தமிழ்நாட்டு அரசுகள் பேசி, எல்லையோர மாவட்டங்களில் உழைக்கும் மக்களின் மாநில அரசு அட்டைகளையும் பரஸ்பரம் ஏற்க வேண்டும். முகப்பதிவுக் கட்டாயம் நீக்கப்பட வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர்களும் மதிய உணவுச் சமையலர்களும் அரசு ஊழியர்களாக அங்கீகரிக்கப்பட வேண்டும்.

ஐந்து கிலோ அரிசி விடுதலையன்று. ஆனால் தனக்குரிய ஐந்து கிலோவை எவரிடமும் கைகட்டி நிற்காமல், சக உழைப்பாளிகளோடு சேர்ந்து நின்று பெற்ற ஒரு தாய், அடுத்து உலையில் வைக்கப் பருப்பு கேட்பார்; அதற்கடுத்து நியாயமான கூலி கேட்பார். சூளூர்பேட்டையின் ஒவ்வொரு தெருவிலும் அந்தக் கேள்வி எழும்வரை கணக்கெடுப்பு நோட்டைக் கிளைகள் மூடிவிடக் கூடாது.