பீதி யாருடையது?

கோவையிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக மலையேறும் பேருந்துக்கு ஆனைகட்டிதான் கடைசி நிறுத்தம். கொடுங்கரைப் பள்ளம் என்ற ஓடைக்கு அந்தப் பக்கம் கேரளம், பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. அங்கேயும் ஊர்ப் பெயர் ஆனைகட்டிதான். இருளர் குடும்பங்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. பெண் எடுப்பதும் கொடுப்பதும், கூலிக்குப் போவதும் வருவதும் பள்ளத்தைத் தாண்டித்தான். கோட்டத்துறை பழங்குடியினர் மருத்துவமனையில் முடியாது என்று சொல்லிவிட்டால், மண்ணார்க்காட்டு மலை வளைவுகளில் நோயாளியை இறக்குவதைவிடக் கோவைக்குக் கொண்டுபோவதே கிழக்கு அட்டப்பாடிக்காரர்களுக்குக் கிட்டம்.

2025 ஜூலையில் மண்ணார்க்காடு வட்டாரத்தில் நிபா வைரஸ் தொற்று உறுதியானதும், கோவை மாவட்டத்தின் எல்லைச் சோதனைச்சாவடிகளில் சுகாதாரத் துறையினர் வண்டிகளை நிறுத்திக் காய்ச்சல் பார்த்தார்கள். அது செய்யவேண்டிய வேலை, அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் இப்படிப்பட்ட நாட்களுக்கென்றே நம் செய்தி மேசைகளில் சில அச்சுகள் தயாராகக் கிடக்கின்றன. 'எல்லையில் பீதி', 'பொதுமக்கள் அச்சம்', 'ஊடுருவியதா வைரஸ்?' என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி வார்த்துக்கொள்ளலாம். பீதியில் இருந்தவர் யார் என்று செய்திக்குள் தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார். பீதி அதைப் படித்தவருக்குத்தான் வருகிறது. வாசகர் அடையவேண்டிய உணர்ச்சியை அவர் அடைவதற்கு முன்பே நடந்துமுடிந்ததாக அறிவித்துவிடுவது தமிழ்ச் செய்தி நடையின் தனிச் சாமர்த்தியம்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு காரணங்கள் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், அரசன். நோய் அந்தப் பட்டியலில் இல்லை. பிணியை அது இளிவரலில், மூப்போடும் வருத்தத்தோடும் சேர்த்து வைக்கிறது. அச்சம் ஒன்று, இழிவும் அருவருப்பும் கலந்த உணர்ச்சி வேறொன்று என்று பிரித்துப் பார்த்தவர்களின் கணக்கு அது. இன்றைய தலைப்புகளை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். நோயை அச்சமாக்க வேண்டுமென்றால் அந்த நான்கில் ஏதாவதொன்றின் வேடத்தை அதற்குக் கட்ட வேண்டியிருக்கிறது. 'மர்மக் காய்ச்சல்' என்றால் அணங்கு. 'வௌவால் வைரஸ்' என்றால் விலங்கு. 'எல்லை தாண்டி நுழைந்தது' என்றால் கள்வர். 'மீறினால் கடும் நடவடிக்கை' என்றால் அரசன். இந்த அச்சம் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அடியில் தங்குவது இளிவரல், அது கிருமியின்மேல் போவதில்லை, ஆளின்மேல் போகிறது.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் அதுதான் நடந்தது. அரசுக் கணக்கின்படி நிபாவுக்கு 17 பேர் இறந்தார்கள், இருவர் பிழைத்தார்கள். இறந்தவர்களில் பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினியும் ஒருவர். அவரைத் தியாகி என்று நாடே கொண்டாடிய அதே நாட்களில், அதே மருத்துவமனையின் மற்றச் செவிலியர்கள் பேருந்திலும் ஆட்டோவிலும் ஏற முடியாமல் நின்றார்கள். 'பயமல்ல, ஜாக்ரதையாணு வேண்டது' என்று அரசே திரும்பத் திரும்பச் சொன்ன மாநிலத்தில் இது நடந்தது. நல்ல வாசகம்தான், நம் 'பீதி'யைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் ஒரு நல்ல வாசகம் மட்டும் போதவில்லை.

நிபா வௌவாலிலிருந்து வருகிறது என்றதும் அந்த வாரங்களில் வௌவால் படாத பாடு பட்டது. முதலில் கிணற்றில் பிடித்துச் சோதித்தவை பூச்சி தின்னும் வௌவால்கள், அவற்றில் நிபா இல்லை. தடயம் பிறகு பழந்தின்னி வௌவால்களில்தான் கிடைத்தது. செய்தியில் இரண்டும் ஒரே 'வௌவால்'. அணில் கடித்தது என்று நம் வீடுகளில் ருசித்துத் தின்ற மாம்பழமும் சந்தேகத்துக்கு உள்ளானது. தீபாவளிக்கு வௌவாலுக்காகப் பட்டாசு வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். கடித்த பழத்தைத் தின்னாதே என்பது செய்தி. மரத்தில் தொங்குவதைப் பார்த்ததும் கல்லெடு என்பது செய்தி உண்டாக்கிய உணர்ச்சி.

பெயரே ஒரு தண்டனைதான். 1998, 99இல் மலேசியாவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்து, ஏறத்தாழ 10 லட்சம் பன்றிகளைக் கொல்லக் காரணமான கொள்ளைநோய்க்கு சுங்கை நிபா என்ற கிராமத்தின் பெயர் வைத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் இனி எங்கே போய் எந்த ஊர் என்று சொல்வது? 2009இல் 'பன்றிக் காய்ச்சல்' என்ற பெயரால் எகிப்து தன் பன்றிகளை ஒழித்துக்கட்டப் புறப்பட்டது. நோய் பரவியதோ மனிதரிடமிருந்து மனிதருக்கு. ஊர், விலங்கு, இனம் ஆகியவற்றின் பெயரைப் புதிய நோய்க்குச் சூட்டாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2015இல்தான்.

நம் பங்குக்கு நாம் கண்டெடுத்தது மர்மக் காய்ச்சல். சிக்குன்குனியா வந்தபோதும் மர்மக் காய்ச்சல், டெங்கு வந்தபோதும் மர்மக் காய்ச்சல். பரபரப்புக்கு உதவும் சொல் என்றுதான் தோன்றும், ஆனால் அது மழுப்பலுக்கும் அதே அளவு உதவியது. டெங்கு என்று எழுதிவிட்டால் கொசு, மூடாத தண்ணீர்த் தொட்டி, வாராத குப்பை, பதில் சொல்ல வேண்டிய நகராட்சி என்று வரிசையாக வரும். மர்மத்துக்கு யார் பொறுப்பு?

கொரோனா காலத்தில் இதைவிட நுட்பமான ஒரு தவறு நடந்தது. 'சமூக விலகல்' என்று எழுதினோம். விலகி நிற்கச் சொல்லி ஒரு சமூகத்தைப் பல நூற்றாண்டுகள் ஒதுக்கிவைத்த நாட்டில், கொஞ்சமும் உறுத்தாமல் அச்சில் ஏறிய சொல் அது. உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் 'உடல் இடைவெளி' என்ற பொருள்படும் சொல்லுக்கு மாறியது. தமிழில் சிலர் விழித்துக்கொண்டு 'இடைவெளி'க்கு வந்தார்கள், விலகலும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக் கதவில் ஒட்டிய தாளும் தெருவை அடைத்த தகரமும் அந்தச் சொல்லின் உருவங்கள்தான். சுவரொட்டி ஒட்டிய வீட்டாரைத் தீண்டத்தகாதவரைப் போல நடத்துகிறார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொல்லும் நிலை வந்தது. இத்தனைக்கும் ஒதுங்கியிருப்பது நமக்குப் புதிதல்ல. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். யாரும் உள்ளே போகமாட்டார்கள். உள்ளே இருப்பவரை யாரும் ஏசவும் மாட்டார்கள், 'அம்மா வந்திருக்கா' என்பார்கள். மருத்துவமாக அது போதாதுதான். ஆனால் ஆளை இழிவுபடுத்தாமல் தனிமைப்படுத்தத் தெரிந்த மொழி அது.

திரும்பவும் ஆனைகட்டிக்கு வருவோம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், தொற்றாத ஒரு நெருக்கடி பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. 2013இல் அட்டப்பாடியில் பழங்குடிக் குழந்தைகளின் தொடர் மரணம் கேரளத்தை உலுக்கியது. தாய்மாரின் ரத்தசோகை, எடை குறைந்த பிறப்பு, கைவிட்டுப்போன நிலம், ராகியும் சாமையும் இருந்த தட்டில் வந்து விழுந்த ரேஷன் அரிசி என்று காரணங்கள் நீண்டன. சமூக சமையலறைகள் திறந்தார்கள். சாவு எண்ணிக்கை தலைப்பில் ஏறியது, இறங்கியது. மறுபடி பரவலாகப் பேசப்பட்டது 2016 மே மாதம், தேர்தல் கூட்டத்தில் பிரதமர் மோடி கேரளப் பழங்குடியினரின் குழந்தை இறப்பைச் சோமாலியாவோடு ஒப்பிட்டபோதுதான். கேரளம் கொதித்தது. 'போ மோனே மோடி' என்று இணையம் முழுவதும் கேலி பறந்தது. மாநிலத்தின் மானம் பற்றி மணிக்கணக்காகப் பேசினார்கள். ஒரே ஒரு நாட்டின் பெயர் அந்தப் பேச்சை இறந்த குழந்தைகளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. பேசியவர், கொதித்தவர் இரு தரப்பும் இதில் பங்காளிகள்.

ரத்தசோகைக்கு எந்தச் சாவடியிலும் வண்டியை நிறுத்த முடியாது. பரம்பரை ரத்த நோயான அரிவாள் அணு நோய் எல்லை தாண்டி ஊடுருவுவதும் இல்லை, அது அட்டப்பாடியிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அணங்கு, விலங்கு, கள்வர், அரசன் என எந்த வேடமும் இவற்றுக்குப் பொருந்தவில்லை. தலைப்பில் இடம் கிடைக்காததற்கு வேறு காரணம் தெரியவில்லை.

அடுத்த காய்ச்சல் காலத்தில் ஆனைகட்டிச் சாவடியில் மறுபடியும் வண்டிகள் நிற்கும். அங்கிருந்து செய்தி அனுப்பும் நண்பர்களிடம் இவ்விதழ் கேட்பது சிறிய உதவிதான். 'பீதி' என்று தட்டுவதற்கு முன், வரிசையில் நிற்கும் ஒருவரிடமாவது எதற்குப் பயம் என்று கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள். அன்றைய கூலி போய்விடுமோ, இருட்டுவதற்குள் ஊர் திரும்ப விடுவார்களோ என்பதாகத்தான் பெரும்பாலும் அது இருக்கும்.