பல்லைக் கடித்துக் கொண்டிருக்கும் பாட்டாளி

வலிக்கிறதா என்று கேட்டால், "அது கிடக்கட்டும்" என்பான். எத்தனை நாளாக என்றால், "அது ஆச்சு, போன கரும்பு வெட்டிலேயிருந்து" என்பான். டாக்டரிடம் காட்டினாயா என்றால் சிரிப்பான். வாயைக் கையால் மறைத்துக் கொண்டுதான் சிரிப்பான்!

காணைப் பக்கத்துக் கரும்புக் கொல்லையிலே கத்தி பிடிக்கும் தொழிலாளியைப் பற்றித்தான் சொல்கிறேன், தோழர்களே! கடைவாய்ப் பல் குடைகிறது. கிராம்பை வைத்துப் பார்த்தான். உப்புநீரைக் கொப்பளித்துப் பார்த்தான். பெட்டிக் கடையிலே மாத்திரை வாங்கி விழுங்கிப் பார்த்தான். எதற்கும் மசியாத வலிக்குக் கடைசியிலே புகையிலையை அடக்கிக் கொண்டான். மரத்துப் போயிற்று. வலி ஓடிற்று என்று எண்ணுகிறான். ஓடவில்லை, புற்றுநோய்க்கு வாசலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது!

ஏன் போகவில்லை மருத்துவமனைக்கு? 2010-லே முண்டியம்பாக்கத்திலே அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டதே என்று கேட்கலாம். வந்தது, மகிழ்ச்சிதான். ஆனால் காணையிலே பஸ் ஏறி, விழுப்புரத்திலே இறங்கி, மறுபடி பஸ் ஏறி, வரிசையிலே நின்று திரும்பினால், பொழுது சாய்ந்துவிடுகிறது. பல்லைப் பிடுங்கப் போனவனிடம் ஒரு நாள் கூலியையும் சேர்த்தல்லவா பிடுங்கிக் கொள்கிறது வறுமை! ஆகவே, பல்லைக் கடித்துக் கொண்டிருக்கிறான்; கடிக்கப் பல் உள்ள வரையிலே.

இவன் பட்ட பாடு எந்தக் கணக்கிலே இருக்கிறது? இதுதான் என் கேள்வி.

பல் மருத்துவத்திலே ஒரு கணக்கு உண்டு. 1938-லே அமெரிக்காவிலே வகுக்கப்பட்டது. சொத்தைப் பல் எத்தனை, அதனால் இழந்த பல் எத்தனை, அடைத்த பல் எத்தனை என்று மூன்றையும் கூட்டிச் சொல்வார்கள். நல்ல கணக்குதான். உலகமெங்கும் இன்றும் அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு பல்லைத்தான் எண்ணும். பல்லுக்கு உரியவன் தூங்காத இரவை எண்ணாது. ஒரு சொத்தைப் பல் என்று எழுதுவார்கள். அந்த ஒரு பல் ஒரு வாரம் சோறு தின்னவிடாமல் செய்ததை எந்தக் கட்டத்திலே எழுதுவது?

தர்மபுரிப் பக்கம் போய்ப் பாருங்கள். ஃபுளோரைடு மிகுந்த நீரைக் குடித்துப் பல் பழுப்பேறிய பிள்ளைகள் பெரியவர்களாகிப் பெண் பார்க்கும் பருவத்துக்கு வந்துவிட்டார்கள். 2013-லே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் அங்கே ஓடத் தொடங்கியது. ஆனால் ஏறிய கறை ஏறியதுதானே! அந்தப் பெண்ணுக்குச் சொத்தைப் பல் ஒன்றுகூட இல்லாதிருக்கலாம். கணக்குப்படி அவளுக்குக் குறையே இல்லை. அவளோ பள்ளிக்கூடத்துப் புகைப்படத்திலே வாய்மூடி நிற்கிறாள்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் வேறொரு முறையைக் கண்டார்கள். வாயைத் திறந்து காட்டு என்பதற்கு முன்னாலே, வாயைத் திறந்து பேசு என்கிற முறை. ஆஸ்திரேலியாவிலே அடிலெய்டு நகரத்து ஆய்வாளர்கள் 64 நோயாளிகளை உட்கார வைத்துப் பேச விட்டார்கள். பல்லாலும் வாயாலும் அவர்கள் பட்ட துன்பங்களைச் சொல்லச் சொல்ல எழுதினார்கள். 535 வாக்கியங்கள் சேர்ந்தன. அதிலே சலித்தெடுத்து, 1994-லே 49 கேள்விகள் கொண்ட பட்டியலை வெளியிட்டார்கள். 1997-லே அது 14 கேள்வியாகச் சுருங்கியது. பேச்சு தடுமாறியதா, சுவை கெட்டதா, உண்பதைப் பாதியிலே நிறுத்தினாயா, நாலு பேர் முன்னாலே கூசினாயா, எரிந்து விழுந்தாயா, வழக்கமான வேலை தடைப்பட்டதா என்று போகும். இல்லவே இல்லை என்றால் 0. மிக அடிக்கடி என்றால் 4. கூட்டினால் 56 வரை போகும். எண் ஏற ஏற வாழ்வு இறங்குகிறது என்று பொருள்.

"பல்வலிக்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்று குளிர்ச்சாதன அறையிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. ஐயா, உங்கள் பல்லிலே ஓர் ஊசிமுனை வலி வந்தால் அன்றைக்கே காரிலே போய்விடுகிறீர்கள். உங்களுக்கு ஆராய்ச்சி தேவையில்லைதான்! உலக நலவாழ்வு நிறுவனம் 2022-லே சொன்னது: வாய் நோய்கள் ஏறத்தாழ 350 கோடிப் பேரைப் பிடித்திருக்கின்றன. உலகத்திலே பாதிப் பேர் வாய்மூடித் தாங்கும் வலியை அற்பம் என்பது, தாங்காதவன் பேசுகிற பேச்சு.

கிராமத்திலே கேட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்து சான்று. கோன் கேன் மாநிலத்திலே 16 சிற்றூர்கள். 35 முதல் 44 வயது வரையுள்ள 501 பேர். இவர்களுக்கு வேறொரு பட்டியல்: உண்பது, பேசுவது, பல் துலக்குவது, தூங்குவது, சிரிப்பது, வேலை செய்வது என்று அன்றாடச் செயல்களை ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். 1996-லே வெளிவந்தது முடிவு. அந்த ஊர்க்காரர்களுக்குச் சொத்தைப் பல் மிகக் குறைவு. சராசரி மூன்றுகூட இல்லை. பழைய கணக்குப்படி நல்ல வாய்கள்! ஆனால் ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒரு செயல் தடைப்பட்டது என்றவர்கள் நூற்றுக்கு 73 பேருக்கு மேல். உண்பதிலே தொல்லை பட்டவர்கள் கிட்டத்தட்ட பாதிப் பேர். அவர்களும் மண்ணிலே உழைக்கும் மக்கள்தாம். காணையிலே, கெடாரிலே, அன்னியூரிலே, மாம்பழப்பட்டிலே இதைக் கேட்டுப் பார்த்தால் என்ன?

கேட்கத்தான் வேண்டும். ஆனால் இங்கேதான் ஒரு சிக்கல். அதை மறைத்துவிட்டுக் கைதட்டு வாங்க எனக்கு விருப்பமில்லை.

இந்த ஊர்ப் பக்கம் ஒரு மூதாட்டியிடம் பேசிக் கொண்டிருந்தேன். முன்பல் இல்லை, கடைவாயிலே இரண்டோ மூன்றோ ஆடிக் கொண்டிருக்கின்றன. முறுக்கைத் தேநீரிலே ஊற வைத்துக் கொண்டே பேசினார். "சாப்பிடச் சிரமமா, ஆயா?" என்றேன். "ஒரு சிரமமும் இல்லப்பா" என்றார். "கறி சாப்பிடுவீர்களா?" "அதெல்லாம் விட்டு எட்டு வருஷம் ஆச்சு." "வேர்க்கடலை?" "இடிச்சுத் தின்பேன்." "பிறகு சிரமம் இல்லை என்கிறீர்களே?" "வயசானா பல்லு போவும்தானே. தலையிலே எழுதினது."

வேர்க்கடலை விளைகிற மண்ணிலே வாழ்ந்து, அதை மெல்ல முடியாமல் இடித்துத் தின்கிற அந்த ஆயாவிடம் பட்டியலை நீட்டினால் என்ன எண் விழும்? 0! அடிலெய்டு சீமாட்டி ஒருத்தி, செயற்கைப் பல் சற்றே உறுத்துகிறது என்று 20 வாங்குவாள். ஏட்டைப் புரட்டும் அதிகாரி, காணை மக்கள் மிக்க நலமாய் இருக்கிறார்கள் என்று எழுதிக் கோப்பை மூடுவார். தலையெழுத்து என்கிற ஒற்றைச் சொல், துன்பத்தை மட்டுமா மறைக்கிறது? துன்பத்தின் கணக்கையே அழித்துவிடுகிறது! தந்தை பெரியார் ஊர் ஊராய்ப் போய் அந்தச் சொல்லை உடைத்தது எதற்காக என்று கேட்பவர்களுக்கு, அந்த 0-வைக் காட்டுவேன்.

இது என் கற்பனையன்று. பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 2002-லே இதைத்தான் எடுத்துச் சொன்னார். நோயுண்டு என்று மிகுதியாகச் சொல்பவர்கள் கேரளத்தார். அவர்கள் ஆயுளோ நீளம். நோயில்லை என்று மிகுதியாகச் சொன்னது பீகார். அங்கே ஆயுள் குறைவு. படிப்பும் மருத்துவமனையும் உள்ள இடத்திலேதான் மனிதன் தன் வலியை வலி என்று அறிகிறான். ஆகவே கேள்வியை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம். பல்லை மட்டும் எண்ணினாலும் ஏமாறுவோம். இரண்டையும் ஒரே ஏட்டிலே எழுத வேண்டும். ஆயாவின் வாயிலே மூன்று பல்லும், விடையிலே 0-வும் அருகருகே இருந்தால், அந்தப் பக்கமே பேசும்.

அடுத்தது, எந்த மொழியிலே கேட்பது? 14 கேள்விப் பட்டியலை இலங்கையிலே சிங்கள முதியவர்களிடம் சோதித்து 2003-லேயே வெளியிட்டார்கள். தமிழிலும் செய்திருக்கிறார்கள், முதியவர்களுக்கென்றே 1990-லே அமெரிக்காவிலே உருவான 12 கேள்விப் பட்டியல் தமிழாக்கப்பட்டுச் சென்னையிலே சோதிக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் தமிழாக்க, இன்னொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இதற்கான முறை. பாராட்டுகிறேன். ஆனால் சென்னைப் பல் மருத்துவமனைக்கு வந்தவரிடம் கேட்ட தமிழ் வேறு. மருத்துவமனைக்கே வராதவனிடம் கேட்க வேண்டிய தமிழ் வேறு. "அரிதாகவா, எப்போதாவதா?" என்றால் கரும்பு வெட்டுகிறவன் விழிப்பான். "எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை?" என்று கேளுங்கள், விரல் விட்டு எண்ணுவான்!

வீட்டு வாசலிலே போய்க் கேட்பது நமக்குப் புதிதன்று. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் வீடு தேடிப் போய்ப் பார்த்தது. அந்தப் பெண் ஊழியர்களின் ஏட்டிலே வாய்க்கென ஒரு பக்கம் சேர்க்க வேண்டும். கேட்ட ஊருக்கு அடுத்த மாதமே பல் மருத்துவர் வர வேண்டும். வராவிட்டால் கேட்டதே குற்றம்! அதுவும் பொழுது சாய்ந்த பிறகு வரவேண்டும், கூலி போகாத நேரத்திலே.

அதுவரை நம் கிளைக் கழகத் தோழர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. படிப்பகத்திலே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தெருத் தெருவாகப் போய் நாலே நாலு கேளுங்கள். போன ஆறு மாதத்திலே பல்வலியாலே எத்தனை நாள் கூலி போயிற்று? எத்தனை ராத்திரி தூக்கம் போயிற்று? ஆசைப்பட்டும் தின்ன முடியாமல் விட்டது என்ன? வாயிலே ஆறாத புண் உண்டா? கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்று யாராவது சொன்னால், நோட்டை மூடி வைத்துவிட்டு, அன்றைக்கே அவரைக் கூட்டிக் கொண்டு முண்டியம்பாக்கத்துக்குப் பஸ் ஏறுங்கள்.