சங்கிலி அளவும் மீற்றர் அளவும்

பழைய காணி வரைபடங்களில் நீளங்கள் சங்கிலியிலும் கண்ணியிலும் குறிக்கப்பட்டிருத்தலைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். ஒரு சங்கிலி 66 அடி. அதில் 100 கண்ணிகள் உள. மீற்றரில் அது 20.1168 ஆகும்.

கணக்கிற்கு இலகுவென்று இதனை 20 மீற்றர் எனக் கொள்வோர் உளர். வேலியடைக்கும் விடயத்தில் இவ்வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. 3 சங்கிலி 45 கண்ணி என்பது 69.40 மீற்றர், 20 எனக் கொண்டால் 69 மீற்றரே. 40 சதம மீற்றர்தானே என எண்ணற்க. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், அஃதாவது 4,047 சதுர மீற்றர். இலகுக் கணக்கிலோ 4,000 மட்டுமே வரும். குறையும் 47 சதுர மீற்றர் ஏறக்குறைய 2 பேர்ச்சஸ் ஆகும். அயற்காணிக்காரரோடு வழக்காட அவ்வளவு நிலம் போதாதா?

உரமிடுதற்கு இத்துணை நுட்பம் வேண்டியதில்லை. ஆயின் அங்கு நேரும் பிழை பெரிது. ஹெக்டேயர் ஒன்று ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். ஹெக்டேயருக்கு விதித்த யூரியா முழுவதையும் ஓர் ஏக்கரிலே இட்டால் நெற்பயிர் சாய்ந்துவிடும், பணமும் வீணே.

உறுதியிலுள்ள பழைய அளவைத் திருத்தி எழுதற்க. மாற்றிய அளவை வேறு தாளிற் குறித்து வைத்து, எல்லையில் ஐயம் எழின் நில அளவையாளரை அழைப்பிக்க.